லேப்டாப் ஜாக் போனால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் ஹெட்போன் ஜாக் லூசாகிவிட்டது. ஒரு காதில்தான் சத்தம் வருகிறது. போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். நான் ஜூமில் வயலின் சொல்லித் தருகிறேன். 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு சரிப்பட்டு வருமா? எப்படி மாட்டுவது?

பதில்: போர்டில் கை வைக்க வேண்டாம். இந்தக் கார்டுக்குள்ளேயே ஒலிக்கான சிப் இருக்கிறது. அதனால் பழுதான ஜாக் பக்கமே சத்தம் போகாது. பாடம் நடத்த விலை குறைந்த கார்டே போதும். 7.1 (எட்டு ஸ்பீக்கர் ஒலி) என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு காதுக்கு அது வெறும் பாவனை.

வாங்குமுன் உங்கள் ஹெட்போன் பின்னைப் பாருங்கள். அதில் கறுப்பு வளையம் எத்தனை? இரண்டு என்றால் அதில் சத்தம் மட்டும் வரும். மூன்று என்றால் மைக்கும் அதே பின்னில் இருக்கிறது. பல கார்டுகளில் பச்சை, பிங்க் என இரண்டு துளைகள் இருக்கும். பச்சை ஹெட்போனுக்கு, பிங்க் மைக்குக்கு. மூன்று வளையப் பின்னைப் பச்சையில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் மட்டும் ஊமையாகிவிடும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேடி அலைந்திருக்கிறேன். ஒற்றைத் துளையில் ஹெட்செட் படம் போட்ட கார்டாக வாங்குங்கள், அல்லது மைக்கைத் தனியே பிரிக்கும் ஒய் கேபிள் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

மாட்டுவது எளிது. இந்த வகைக் கார்டுகளுக்குத் தனி டிரைவர் வேண்டாம். பெட்டியில் குட்டி சிடி இருந்தால் ஓரமாக வையுங்கள். விண்டோஸ் 11 என்றால் கீழே மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் போங்கள். அவுட்புட், இன்புட் இரண்டிலும் யுஎஸ்பி என்று பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஜூமின் ஆடியோ செட்டிங்ஸிலும் அதையே செய்ய வேண்டும். ஜூம் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அங்கேயே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதையும் போட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையில் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வில்லால் நீட்டி இழுக்கும் நாதத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஜூம் அமுக்கிவிடும். மாணவருக்கு ஸ்வரம் பாதியில் தேய்ந்து போகும்.

'உர்ர்' என்று இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் கரண்ட் பக்கம். வேறு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள், அல்லது பேட்டரியிலேயே வகுப்பை நடத்துங்கள். பிற்பாடு ஸ்டூடியோ கண்டென்சர் மைக் வாங்க எண்ணம் இருந்தால், அதற்கு 48 வோல்ட் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். இந்தக் கார்டு அதற்கு ஆகாது.

கார்டோடு அரை அடி யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்கிவிடுங்கள். லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் துருத்திக்கொண்டு நிற்கும்; கை பட்டுப் பட்டு யுஎஸ்பி போர்ட்டும் லூசாகிவிடும்.