ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் படங்களில் ஏன் மான் தோல் செல்?

"மனிதச் செல், எலிச் செல் எல்லாம் இருக்கும்போது ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் படங்களில் ஏன் அடிக்கடி மான் தோல் செல் வருகிறது? இதற்காக மானைக் கொல்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் என்றால், ஒளிரும் சாயம் போட்ட செல்லைப் பார்க்கும் கருவி.)

கொல்வதில்லை. எப்போதோ ஒரு மானின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கும். அதில் ஒரு குப்பியை வாங்கி, உருக்கி, 37 டிகிரியில் ஊட்டக் கரைசல் கொடுத்தால் தட்டில் பெருகிவிடும், அவ்வளவுதான். ஆய்வு மாணவனாக இருந்தபோது இரண்டு வருடம் நானும் இவற்றுக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

அந்த மான் நம்ம ஊர்க் கேளையாடுதான். பெயரில்தான் ஆடு, குரைப்பதோ நாய் மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. இதன் பெண்ணுக்கு ஒரு செல்லில் மொத்தமே 6 குரோமோசோம், ஆணுக்கு 7. நமக்கு 46. பாலூட்டிகளிலேயே இதுதான் மிகக் குறைவு, 1970இல் டோரிஸ் வர்ஸ்டர், கர்ட் பெனிர்ஷ்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இதன் நெருங்கிய சொந்தமான சீனக் கேளையாட்டுக்கு 46. மூதாதையின் சின்னச் சின்னக் குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி ஒட்டி, இதில் சில பெரிய குரோமோசோம்களாக ஆகிவிட்டன. ஆண், பெண் வித்தியாசத்தில் பங்குள்ள எக்ஸ் குரோமோசோம் கூட இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டது, ஆணுக்கு ஒன்று கூடுதலாக வருவது அதனால்தான்.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். ஹீலா செல் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல், அதனால்தான் 46ஐவிட அதிகம்) பிரியும் நேரத்தில் டிஎன்ஏவை நீலமாக ஒளிரவைக்கும் டாப்பி சாயம் போட்டுப் பார்த்தால் எண்பது சொச்சம் குரோமோசோம் இடியாப்பம் மாதிரி கிடக்கும், எது எங்கே போகிறது என்று சொல்லவே முடியாது. கேளையாட்டுச் செல்லில் ஒவ்வொன்றையும் கண்ணாலேயே எண்ணலாம். குரோமோசோமை இழுக்கும் நுண்குழல்கள் வந்து பிடிக்கிற கைனெடோகோர் என்ற பிடி, மற்ற செல்களில் வெறும் புள்ளி. இதிலோ எக்ஸ் குரோமோசோமின் பிடி நன்றாகவே பெரியது. போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஒரு குழு இதை வைத்துத்தான் 2018இல், பிடி பெரிதாக இருந்தால் குரோமோசோம் பிரியும் செல்லின் நடுக்கோட்டுக்குச் சுலபமாக வந்து சேரும், ஆனால் தப்பான பக்கத்துக் குழலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும் என்று காட்டியது. ஒரே செல்லுக்குள் பெரிய பிடியும் சின்ன பிடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒப்பிட வேறென்ன வேண்டும்?

படம் அழகாக வருவதற்குக் காரணம் வேறு. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இந்தத் தோல் செல் கண்ணாடியில் தோசை மாதிரி பரவி உட்காரும், அதனால் முழுச் செல்லும் ஏறக்குறைய ஒரே ஃபோகஸில் கிடைக்கும். ஒளிரும் சாயம் சேர்த்த ஃபாலாய்டின் போட்டால், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் புரத இழைகள் கம்பி கம்பியாக ஒளிரும் (ஃபாலாய்டின் ஒரு கொல்லும் காளானின் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்). ஆனால் நிறங்களை அப்படியே நம்ப வேண்டாம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை கேமராவில் எடுத்துக் கணினியில் ஏற்றிய நிறம்தான்.

நீங்களே இந்தச் செல்லில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது) வாங்கும் முன் மானில் வேலை செய்யுமா என்று விசாரியுங்கள். பெரும்பாலானவற்றை மனிதச் செல்லிலும் எலிச் செல்லிலும்தான் சோதித்திருப்பார்கள். நான் விசாரிக்காமல் வாங்கி, ஒரு வாரம் வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.