கிளஸ்டரும் பொது டிஸ்க்கும்: கேள்வி பதில்

பல சேர்வர்களை (ஒவ்வொன்றும் ஒரு நோட்) சேர்த்து இயக்கும் கிளஸ்டர் அமைக்கும்போது, அவை பகிரும் பொது ஸ்டோரேஜில் வரும் சிக்கல்களைப் பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் லினக்ஸ் பக்கம். விண்டோஸ் கேள்விகளுக்குச் சுருக்கமாகத்தான் பதில் தர முடியும்.

அறிவியல்நகர் மாணவி: அண்ணா, எங்கள் புரொஜெக்டில் இரண்டு நோட், ஒரு ஐஸ்கஸி லன் (நெட்வேர்க் வழியாகக் கிடைக்கும் டிஸ்க்). ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டு இரண்டிலும் மவுண்ட் பண்ணினோம் (பாவிக்க இணைத்தோம்). ஒன்றில் உருவாக்கிய கோப்பு மற்றதில் தெரியவில்லை. அன்மவுண்ட் பண்ணித் திரும்ப மவுண்ட் பண்ணினால் தெரிகிறது. இப்போது இரண்டாவது நோட்டில் எரர் வரத் தொடங்கிவிட்டது.

தங்கச்சி, முதலில் இரண்டு நோட்டிலும் அன்மவுண்ட் பண்ணுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

ஐஸ்கஸி தருவது வெறும் பிளாக்குகளைத்தான். அதில் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த பிளாக் காலி என்ற கணக்கை வைத்திருப்பது ஈஎக்ஸ்டி4. இந்த டிஸ்க்கைத் தொடுவது தான் ஒருவன் மட்டுமே என்று நம்பித்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கணக்கை மெமரியில் வைத்துக்கொண்டு, டிஸ்க்கைத் திரும்பப் பார்க்காமலே வேலை செய்யும். சங்கக் கடையின் ஒரே கணக்குக் கொப்பியை இரண்டு பேர் ஆளுக்கொரு பிரதி எடுத்து வீட்டில் வைத்து எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் லன்னில் நடந்திருக்கிறது. முதல் நோட் காலி என்று நினைத்த பிளாக்கையே இரண்டாவதும் காலி என்று நினைத்து எழுதும். கோப்பு தெரியாமல் போனது ஆரம்ப அறிகுறி. எரர் வந்தபோது உள்ளே ஏற்கெனவே உடைந்துவிட்டது.

இனி ஒரே ஒரு நோட்டிலிருந்து எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் கருவி) ஓட்டுங்கள். மிஞ்சியதை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு லன்னைப் புதிதாக ஃபோர்மட் பண்ணுங்கள். அதன் பிறகு மூன்று வழி உண்டு. கோப்பைப் பகிர்வதுதான் நோக்கம் என்றால், நெட்வேர்க் வழியாகக் கோப்பாகவே தரும் என்எஃப்எஸ் போதும். ஒரு நோட் விழுந்தால் மற்றது எடுத்து நடத்தவேண்டும் என்றால் ஈஎக்ஸ்டி4ஐயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த நேரமும் ஒரு நோட்டில் மட்டும் மவுண்ட் ஆகும்படி, கிளஸ்டர் சேவைகளை நடத்தும் பேஸ்மேக்கரிடம் விடவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எழுதியே ஆகவேண்டும் என்றால்தான் கிளஸ்டருக்கென்றே எழுதிய ஃபைல் சிஸ்டங்களான ஜிஎஃப்எஸ்2 அல்லது ஓசிஎஃப்எஸ்2. இரண்டும் 2006 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கின்றன. மாணவர் புரொஜெக்டுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கூடவே ஈஎக்ஸ்டி4இல் எம்எம்பி என்ற வசதியை இயக்கிவிடுங்கள். வேறு நோட்டில் மவுண்ட் ஆகியிருப்பதை அது கண்டுபிடித்து, இரண்டாவது மவுண்டை மறுக்கும்.

பம்பைமடு மாணவர்: ஒரு விஎம்மை (மெய்நிகர் மெஷினை) குளோன் பண்ணி இரண்டாவது நோட் செய்தேன். ஒன்று டார்கெட்டில் (லன்னைத் தரும் ஸ்டோரேஜில்) லொகின் ஆனால் மற்றது விழுந்துவிடுகிறது. மாறி மாறி இதுவே நடக்கிறது.

தம்பி, இரண்டுக்கும் ஒரே இனிஷியேட்டர் பெயர் (நோட் தன்னை டார்கெட்டுக்கு அடையாளம் காட்டும் பெயர்) இருக்கிறது. குளோன் பண்ணும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. பழைய ஆள்தான் திரும்ப வருகிறான் என்று நினைத்து டார்கெட் முந்திய செஷனை வெட்டுகிறது. இரண்டாவது நோட்டில் புதுப் பெயர் கொடுத்து, ஐஸ்கஸி சேவையை ரீஸ்டார்ட் பண்ணி, அந்தப் பெயரை டார்கெட்டின் அனுமதிப் பட்டியலிலும் சேருங்கள். மெஷின் ஐடியையும் மாற்றிவிடுங்கள்.

முல்லைத்தீவு: ரீபூட் பண்ணினால் டிஸ்க்கின் பெயர் எஸ்டிபி என்பது எஸ்டிசி ஆகிவிடுகிறது.

அந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. ரீபூட்டில் மாறாத யூயூஐடி அல்லது மல்டிபாத் பெயரைப் பாவியுங்கள்.

புதுக்குடியிருப்பு: ஸ்டோனித் அமைக்கவில்லை என்று பேஸ்மேக்கர் எதையும் தொடங்கவில்லை. அதை ஓஃப் பண்ணச் சொல்லி ஒருவர் சொன்னார். பண்ணினேன், எல்லாம் ஓடுகிறது. இது சரிதானே?

சரியில்லை. பொது டிஸ்க் இருக்கும் கிளஸ்டரில் ஃபென்சிங்கை (பேஸ்மேக்கரில் அதன் பெயர்தான் ஸ்டோனித்) ஓஃப் பண்ணவே கூடாது. ஒரு நோட் பேசாமல் போனால் மற்றதற்குத் தெரிவது அது பேசவில்லை என்பது மட்டுமே. அது செத்துவிட்டதா, வயர்தான் கழன்றதா, இன்னும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. ஃபென்சிங் அதன் பவரை வெட்டி, இனி எழுதமாட்டாது என்று உறுதி செய்கிறது. அந்த உறுதி கிடைத்த பிறகுதான் மற்றது லன்னைத் தொடலாம்.

வவுனியா, ஒரு நிறுவனத்தின் ஐடி பொறுப்பாளர்: அண்ணை, இது கொழும்பு டேட்டா சென்டருக்குச் சரி. இங்கே கரண்ட் ஒருக்கா மின்னினாலே ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபென்சிங் இருந்தால் இரண்டு நோட்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும். ஓஃப் பண்ணினால்தான் நிம்மதி.

நீங்கள் சொல்வது உண்மையில் நடக்கும். ஆனால் அதற்கு மருந்து ஓஃப் பண்ணுவது இல்லை. சேர்வரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஸ்விட்சைச் சுவர் பிளக்கில் விடுவது நம் பக்கத்தில் சாதாரணம். ஸ்விட்ச் திரும்ப எழும்ப நிமிடக்கணக்கு ஆகும். நோட்டுகளுக்கிடையே பேச்சை நடத்தும் கோரோசிங்க் சில செக்கன்கள்தான் பொறுக்கும். ஸ்விட்சையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு நோட்டுக்கும் இடையே நேரடியாக ஒரு கேபிள் போட்டு அதை இரண்டாவது லிங்காகச் சேருங்கள். ஒரு நோட்டின் ஃபென்சிங்குக்கு மட்டும் சில செக்கன் தாமதம் வையுங்கள், இரண்டும் சேர்ந்து விழாது.

மாங்குளம்: நானும் வவுனியா அண்ணையின் பக்கம்தான். ஐபிஎம்ஐ (சேர்வரின் பவரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் உள்வசதி) மூலம் ஃபென்சிங் வைத்திருந்தேன். ஒரு சேர்வரின் யூபிஎஸ் செத்து அது முழுதாக நின்றுவிட்டது. மற்றது சேவையை எடுக்கவே இல்லை. காலை வரைக்கும் எல்லாம் முடக்கம்.

உங்கள் கோபம் நியாயமானது. ஐபிஎம்ஐ அதே சேர்வரின் பவரில்தான் உயிர் வாழ்கிறது. பவர் போனால் அதுவும் போய்விடும், வெட்டச் சொன்னதற்குப் பதில் வராது. பதில் வராதவரை கிளஸ்டர் காத்திருக்கும். அப்படிக் காத்திருந்ததுதான் உங்கள் டேட்டாவைக் காத்தது. கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் ஐபிஎம்ஐயை மட்டும் நம்பக்கூடாது. எஸ்பிடி என்ற ஃபென்சிங் முறையை வையுங்கள். பொது ஸ்டோரேஜில் சில எம்பி அளவில் ஒரு சின்ன லன், ஒவ்வொரு நோட்டிலும் ஒரு ஹார்ட்வெயர் வொட்ச்டோக், இவ்வளவுதான் தேவை. சாகவேண்டிய நோட்டுக்கு அந்த லன்னில் செய்தி எழுதப்படும். அதைப் படித்ததும் நோட் தானே ரீசெட் ஆகும். படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் வொட்ச்டோக் ரீசெட் பண்ணும். பவர் இல்லாத நோட் பதில் சொல்லவேண்டிய தேவையே இல்லை. குறித்த நேரம் கடந்ததும் மற்ற நோட் லன்னை எடுத்துக்கொள்ளும்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்படியான நாளுக்கும் ஒழுங்கு வேண்டும். திரும்ப வரும்போது முதலில் ஸ்விட்ச், பிறகு ஸ்டோரேஜ், கடைசியாக நோட்டுகள்.

வவுனியா: ஒரு வருசமாக ஓஃப்தான். ஒன்றும் நடக்கவில்லையே?

லிங்க் அறுந்த நேரத்தில் இரண்டு நோட்டும் உயிரோடு இருக்கும் நிலை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு டெஸ்ட் லன் எடுங்கள். அதில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கிளஸ்டர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, இரண்டு நோட்டிலும் மவுண்ட் பட்டியலைப் பாருங்கள். இரண்டிலும் அதே லன் நிற்கும். அதைப் பார்த்த பிறகு பேசுவோம். இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சி: விண்டோஸ் கிளஸ்டர் வலிடேஷனில் பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் தோல்வி என்று வருகிறது.

உங்கள் நாஸ் (நெட்வேர்க் ஸ்டோரேஜ் பெட்டி), எந்த நோட் லன்னைப் பாவிக்கலாம் என்று பதிந்துவைக்கும் ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனை ஆதரிக்கவேண்டும். ஃபேர்ம்வெயரையும் லன் அமைப்பையும் பாருங்கள். ஆதரவே இல்லையென்றால் அந்த நாஸ் இந்த வேலைக்கு உதவாது.

பரந்தன்: இரண்டு சேர்வரிலும் ஒரே டிஸ்க்கை மவுண்ட் பண்ணினேன், கோப்புகள் காணவில்லை.

முதல் பதில். உடனே அன்மவுண்ட்.

பூநகரி: லொகின் ஆகிறது, சின்னக் கோப்புகள் போகின்றன. பெரிய கோப்பு கொப்பி பண்ணினால் அப்படியே நின்றுவிடுகிறது.

எம்டியூ, அதாவது ஒரு பக்கெட்டின் உச்ச அளவு. நோட்டிலும் ஸ்டோரேஜிலும் 9000 போட்டுவிட்டு இடையில் இருக்கும் ஸ்விட்சை விட்டிருப்பீர்கள். சின்னப் பக்கெட்டுகள் போகும், பெரியவை சத்தமில்லாமல் கீழே விழும். துண்டாக்காமல் அனுப்பச் சொல்லி 8972 பைட் அளவில் பிங் பண்ணுங்கள். ஹெடர் 28 பைட் சேர்ந்தால் சரியாக 9000. பதில் வராவிட்டால் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் பாருங்கள். அந்த ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: லப்டொப் ஹார்ட் டிஸ்க்கில் அழிந்த படங்களை எடுக்கலாமா?

என் துறை இல்லை, அக்கா. அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் டேட்டா மீட்கும் ஆளிடம் கொடுங்கள்.

மல்லாவி: ஈஎக்ஸ்டி4ஐ இரண்டு நோட்டில் மவுண்ட் பண்ண வேறு ஏதும் ஒப்ஷன் உண்டா?

இல்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். மேலே இருக்கிறது, வாசியுங்கள்.

செட்டிகுளம்: ரெய்ட் 6 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு), கிளஸ்டர் இரண்டும் இருக்கிறது. பக்கப்பும் வேண்டுமா?

வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். இரவில் வேறு கட்டடத்தில் உள்ள மெஷினுக்கு நெட்வேர்க் வழியாக எடுங்கள். படிக்கத்தானே என்று அந்த மெஷினில் லன்னை ரீட் ஒன்லியாக மவுண்ட் பண்ணவேண்டாம். அப்படி மவுண்ட் பண்ணினாலும் ஈஎக்ஸ்டி4 ஜேர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் பதிவை) ஓட்டிப் பார்த்து டிஸ்க்கில் எழுதும். அந்த நேரம் உங்கள் நோட்டும் அதே லன்னில் எழுதிக்கொண்டிருக்கும். டார்கெட்டின் அனுமதிப் பட்டியலில் அந்த மெஷினின் பெயரே இருக்கவேண்டாம்.