கேள்வி-பதில்: அபோஃபிஸ் பக்கத்துல வரும், மேல விழாது

போன இதழ்ல 2029ல பூமிக்குப் பக்கத்துல வரப்போற அபோஃபிஸ் சிறுகோளைப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு டெல்டா பூரா கேள்வியா குவிஞ்சுடுச்சு. பாதிப் பேரு வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவப் பாத்துட்டு பயந்து எழுதியிருக்காங்க.

2004ல இது பூமி மேல மோதும்னு சொன்னாங்க, அப்புறம் மோதாதுன்னாங்க. எதை நம்புறது? (நாகப்பட்டினம் வாசகர்)

நீங்க நாகப்பட்டினம்ங்கறதால முதல்ல இதைச் சொல்லணும். இந்தக் கல்லை 2004 ஜூன்ல அமெரிக்காவுல அரிசோனா பக்கம் கிட் பீக் ஆய்வகத்துல கண்டுபிடிச்சாங்க. மோதுற வாய்ப்பு உச்சத்துக்குப் போனது எப்பன்னா அதே வருஷம் டிசம்பர் 27, அதாவது உங்க ஊருல சுனாமி அடிச்ச மறுநாள். 2.7 சதவீதம்னு கணக்கு வந்துச்சு, 37ல 1. சாதாரண நாளா இருந்தா உலகமே இதைப் பத்திதான் பேசியிருக்கும், ஆனா அன்னிக்கு இங்க யாரு வானத்தைப் பாத்தா.

அன்னிக்கே விஷயம் மாறிடுச்சு. அந்த வருஷம் மார்ச்சுல எடுத்த பழைய படங்கள்ல இந்தக் கல்லு மங்கலா இருந்ததைத் தேடிக் கண்டுபிடிச்சு சேத்து கணக்கு போட்டதும் 2029ல மோதாதுன்னு தெளிவாயிடுச்சு.

வாய்ப்பு ஏறிக்கிட்டே போயி திடீர்னு எப்படி பூஜ்யமாகும்னுதானே சந்தேகம்? மேட்டூர்ல தண்ணி தொறக்குறாங்க, கடைமடைக்கு 11ம் நாள்ல இருந்து 20ம் நாளுக்குள்ள வரும்னு சொல்றாங்கன்னு வச்சுக்குங்க. 15ம் நாள் வர்றதுக்கு வாய்ப்பு 10ல 1. கல்லணையில இருந்து தகவல் வருது, 14ல இருந்து 16க்குள்ளன்னு. இப்ப 15ம் நாளுக்கு வாய்ப்பு 3ல 1 ஆயிடுச்சு, ஏறிடுச்சு! அடுத்த போன்ல 16ம் நாள் ராத்திரிதான்னு உறுதி பண்ணிட்டாங்க, 15க்கு வாய்ப்பு பூஜ்யம். தண்ணி மனசு மாறல, நமக்குத்தான் விவரம் கூடுச்சு. 2025 பிப்ரவரியில 2024 ஒய்ஆர்4னு ஒரு கல்லு 2032ல மோத 3 சதவீதம் வாய்ப்புன்னு செய்தி வந்து கொஞ்ச நாள்ல அடங்கிப் போச்சே, அதுவும் இதே கதைதான்.

எவ்வளவு பெருசு? இரும்பா, கல்லா? (மன்னார்குடி, பிளஸ் ஒன் மாணவி)

சராசரியா 340 மீட்டர். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதுமாதிரி அஞ்சை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கிட்டத்தட்ட அந்த அளவு. ஆனா உருண்டை கிடையாது, ராடார்ல பாத்ததுல நீட்டுவாக்குல 450 மீட்டராவது இருக்கும்னு தெரியுது, ரெண்டு பருப்பு உள்ள கடலைக்கா மாதிரி நடுவுல ஒடுங்கியிருக்கலாம். சிலிகேட்டு பாறைதான், கூட இரும்பும் நிக்கலும் கலந்திருக்கு. ஒழுங்காவும் சுத்தாது, விழப்போற பம்பரம் தலையாட்டுமே அந்த மாதிரி தடுமாறிக்கிட்டே ஒரு ஆட்டத்துக்கு 30 மணி நேரம் போல எடுத்துக்குது.

2029ல மோதல, சரி. அப்புறம் 2036, 2068னு சொன்னாங்களே? (திருத்துறைப்பூண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நல்ல கேள்வி சார், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அபோஃபிஸ் இப்ப சூரியனைச் சுத்த 324 நாள் எடுத்துக்குது, நம்மள விட கொஞ்சம் உள்வட்டம். 2029ல பூமிக்கு அவ்வளவு கிட்ட வர்றதால நம்ம ஈர்ப்பு அதோட பாதையையே வளைச்சு விட்டுடும், அதுக்கப்புறம் ஒரு சுத்துக்கு 420 நாளுக்கு மேல ஆகும். எவ்வளவு வளையும்ங்கறது எந்த இடத்துல கடக்குதுங்கறதைப் பொறுத்தது. கல்லணையில ஒரு வாழைமட்டையைப் போட்டா நாலு அடி இந்தப் பக்கம் விழுந்தா காவிரியில போயி பூம்புகார்ல கடல் சேரும், நாலு அடி அந்தப் பக்கம்னா வெண்ணாறு, அது வேற ஊரு, வேற கழிமுகம். அதே மாதிரி 2029ல சுமார் 600 மீட்டர் அகல ஒரு சந்துல சரியா நுழைஞ்சாத்தான் 2036ல மோதும்னு இருந்துச்சு. அது இல்லேன்னு 2013லயே முடிவாயிடுச்சு.

2068 ஏன் இழுத்துச்சுன்னா வெயில். புழுங்கல் நெல்லு காயப்போட்ட களத்துல சாயங்காலம் வெறுங்கால்ல நடந்திருப்பீங்க, சூரியன் இறங்கியும் சிமெண்டு தரை சுடும், மத்தியானம் வாங்கின சூட்டை அப்பத்தான் வெளிய விடுது. அந்தக் கல்லும் அப்படித்தான், ஒரு பக்கம் சூடாகி, திரும்பின பெறகு அந்த சூட்டை விண்வெளிக்கு விடும்போது பின்னால துளியூண்டு தள்ளுவிசை கெடைக்குது. இதுக்கு யார்கோவ்ஸ்கி விளைவுன்னு பேரு. கல்லு போற திசைக்கு எதிரா சுழல்றதால இந்த விசை அதை மெதுவா பின்னுக்கு இழுக்குது, சராசரி பாதை வருஷத்துக்கு 200 மீட்டர் போல உள்ள சுருங்குது. 200 மீட்டர் எம்மாத்திரம்னு தோணும், பல வருஷம் சேந்தா எந்த வாய்க்கால்ல நுழையும்ங்கறதையே மாத்திடும். 2021 மார்ச்சுல கலிஃபோர்னியா கோல்ட்ஸ்டோன் ராடார் 1.7 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்த அந்தக் கல்லை துல்லியமா அளந்த பெறகுதான் இன்னும் 100 வருஷத்துக்காவது மோதாதுன்னு நாசா அறிவிச்சுது.

எங்க வீட்டு டிஷ் ஆன்டெனா வேலை செய்யுமா? (பட்டுக்கோட்டை)

செய்யும். உங்க டிவி சேட்டலைட்டு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல பூமத்திய ரேகைக்கு மேல இருக்கு, அபோஃபிஸ் அதுக்கும் கீழ 32,000 கிலோமீட்டர்ல போகும், ஆனா அதுங்க வரிசையை சாய்வா கடக்கும், முட்டாது. மழை பெஞ்சா சிக்னல் போறது வேற கதை, அதுக்கு நான் பொறுப்பில்ல.

தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு வருதாமே, தோஷமா? நம்ம ஊர்ல இருந்து தெரியுமா? (வேதாரண்யம்)

தோஷம் பாக்குற வேலை எனக்குத் தெரியாதுங்க. நேரம் சொல்றேன். ரொம்பக் கிட்ட வர்றது நம்ம கணக்குக்கு 2029 ஏப்ரல் 14, சித்திரை 1, விடிகாலை 3.16 போல. ஆனா அந்த நேரத்துல அது அட்லாண்டிக் கடலுக்கு மேல இருக்கும், அதனால அலாரம் வச்சு 3 மணிக்கு எந்திரிச்சா ஏமாந்துடுவீங்க. முந்தின நாள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆஸ்திரேலியா பக்கத்துல இருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டித்தான் மேற்கே போகுது, நமக்கு அப்பத்தான் வாய்ப்பு. உச்சத்துல சப்தரிஷி மண்டலத்துல இருக்கற மங்கலான நட்சத்திரம் அளவுக்கு வெளிச்சம் இருக்கும், நமக்குத் தெரியும்போது இன்னும் மங்கல்தான், அதனால பைனாகுலர் இருந்தா எடுத்துக்குங்க. நல்லவேளை அமாவாசையை ஒட்டின ராத்திரி, நிலா தொல்லை இல்ல. உங்க ஊரு கடற்கரையில தெருவிளக்கு இல்லாத எடமா பாத்து பாயை விரிச்சு தெக்கத்தி வானத்தைப் பாத்து உக்காருங்க, நட்சத்திரத்துக்கு நடுவுல ஒரு புள்ளி மெதுவா நகருதான்னு பாருங்க, சிமிட்டிக்கிட்டே போச்சுன்னா அது விமானம்.