எல்ரிக் வீட்டுப் பையன்

அன்புள்ள ஐயா,

நீர்நாய்களைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் கேவின் மேக்ஸ்வெல்லின் இளமைப் பருவம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடித்ததும் எரிச்சல் வந்தது. ஸ்காட்லாந்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த ஒரு குடும்பம், பிள்ளைகளை வெளியாட்களோடு ஒட்டவிடாமல் வளர்க்கிறது. அதைப் போய் நீங்கள் சொர்க்கம் மாதிரி வர்ணிக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படிப் பிள்ளை வளர்த்தால் அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று கேட்பார். நிலம் இருந்ததால்தானே அவர்களுக்கு இந்தக் கிறுக்கெல்லாம் செல்லுபடியானது? இன்னொன்று, அந்த வளர்ப்பு பையனுக்கு நல்லது செய்ததா கெடுதல் செய்ததா என்று நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை. அப்புறம் ஒரு சின்ன விசாரிப்பு. அடுத்த ஆண்டு மகளைப் பார்க்க கிளாஸ்கோ போகிறேன். அந்த வீடு இன்னும் இருக்கிறதா? போய்ப் பார்க்க முடியுமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நிலம் இருந்ததால்தான். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. வாசலில் வந்து நின்று கேட்பதற்கு அடுத்த வீடு என்று ஒன்று வேண்டும். கேவின் வளர்ந்த எல்ரிக் வீடு ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், விக்டவுன்ஷைரில், மரம் நிற்காத மேட்டில் கட்டப்பட்டது. சுற்றிலும் ஹெதர் புதரும் கல்லும் காற்றும்தான். அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர்களில் ஒருவர் பையனின் தாத்தா, உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரர் நிலக்காரரின் மருமகளிடம் போய், ‘ஏனம்மா பிள்ளைகளை இப்படி வளர்க்கிறீர்கள்’ என்று கேட்பாரா? அந்த வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கும் வேட்டைக்காடு காத்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்த எல்ரிக் எப்படி இருந்தது என்று எழுத யாரும் வரவில்லை. உங்கள் எரிச்சலில் இதுவும் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

ஆனால் நம்மூர் ஜமீன் வாரிசு மாதிரி ஊஞ்சலில் கிடந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தாத்தா சர் ஹெர்பர்ட் மேக்ஸ்வெல் 1880 முதல் 1906 வரை நாடாளுமன்ற உறுப்பினர். வரலாறு, தொல்பொருள், மீன்பிடிப்பு, தோட்டம் என்று கைக்கு அகப்பட்ட எதைப் பற்றியும் புத்தகம் எழுதினார். வெலிங்டன் பிரபுவின் வாழ்க்கை வரலாறும் அவர் எழுதியதுதான். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து 1937இல் இறந்தார்.

விசித்திரம் முக்கால்வாசி அம்மா வழியில் வந்தது. அம்மா லேடி மேரி பெர்சி, நார்தம்பர்லாந்தின் ஏழாம் டியூக்கின் மகள். அந்தக் குடும்பம் கத்தோலிக்க அப்போஸ்தலிக்கத் திருச்சபை என்ற சிறு சபையைச் சேர்ந்தது. ரோமன் கத்தோலிக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1830களில் இங்கிலாந்தில் தோன்றிய சபை இது. கிறிஸ்து சீக்கிரமே திரும்பி வரப்போகிறார் என்று உறுதியாக நம்பி பன்னிரண்டு அப்போஸ்தலர்களை நியமித்தார்கள். அப்போஸ்தலர் ஒப்புதல் இல்லாமல் புதிய பாதிரியாருக்கு அபிஷேகம் கிடையாது. அப்போஸ்தலர் இறந்தால் அவர் இடத்துக்கு வேறொருவரும் கிடையாது. கடைசி அப்போஸ்தலர் 1901இல் இறந்தார். அதன்பின் இருந்த பாதிரியார்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போனார்கள். ஆள் தீர்ந்ததும் முடிந்துவிடும் என்று தெரிந்தே வழிபாட்டை நடத்திய ஒரு சபைக்குள் அந்தப் பையன் வளர்ந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கேவின் பிறந்தது 1914 ஜூலை 15. அக்டோபரில் அப்பா ஆண்ட்வெர்ப் போரில் இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளில் கடைசிக் கைக்குழந்தை இவன். எட்டு வயது வரை அம்மாவின் படுக்கையில்தான் தூங்கினான் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பள்ளிக்குப் போகும் வரை அவன் பழகியிருந்த வெளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடத்தை நிரப்பியவர்கள் அம்மாவின் உடன்பிறந்தவர்கள். சித்தி லேடி மியூரியல் விலங்கியல் தெரிந்தவர். மாமா லார்ட் வில்லியம் பறவைகளில் பித்துப் பிடித்தவர். இந்தப் பெரியவர்கள் சிறுவனிடம் குழந்தைப் பேச்சு பேசவில்லை. பறவைக்கூட்டையும் குளத்துப் பூச்சியையும் வைத்துக்கொண்டு சக ஆய்வாளனிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். எனக்குப் பொறாமை என்றால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

அதே பெரியவர்கள் துப்பாக்கியும் கொடுத்தார்கள். பறவையை நேசிப்பதும் சுடுவதும் அந்த வர்க்கத்தில் ஒரே படிப்பின் இரண்டு பாடங்கள். இந்த முரண் அவரிடம் கடைசிவரை இருந்தது.

நல்லதா கெடுதலா என்று கேட்டீர்கள். போன கட்டுரையில் நான் நழுவிய இடம் என்று நீங்கள் நினைத்தால் இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்: கெடுதல்தான். ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. அந்தக் குடும்பம் அவரை ஓர் இடத்துக்காக மட்டும் வளர்த்தது. அந்த இடத்தில் அவர் தொடர்ந்து வாழ வழியில்லை என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம். அவர் கடைக்குட்டி. ஸ்காட்லாந்தில் உயில் இல்லாமல் போனால் நிலம் மூத்த மகனுக்கு என்ற சட்டம் மாறியதே 1964இல்தான். அதற்கு முன்பு சட்டம், வழக்கம் இரண்டுமே மூத்தவன் பக்கம். குடும்பத்தின் மான்ரீத் எஸ்டேட்டும் ‘சர்’ பட்டமும் அண்ணன் ஏமருக்குப் போயின.

பத்து வயதில் இங்கிலாந்து உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அண்ணன்மாரைத் தவிர வேறு பையன்களைத் தெரியாதவனை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே விட்டால் என்ன ஆகும்? பள்ளி மாற்றிப் பள்ளி மாற்றிப் பார்த்தார்கள். பதினாறு வயதில் ரத்தக்குழாய்களைத் தாக்கும் ஒரு நோய் வந்து சாவின் விளிம்புவரை போனார். அந்த நோய்தான் அவரைப் பள்ளியிலிருந்து விடுவித்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது எஸ்டேட் நிர்வாகம். நிர்வகிக்க எஸ்டேட் இல்லாதவருக்கு எஸ்டேட் நிர்வாகத்தில் பட்டம்!

அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆள் வாழ்நாள் முழுக்க எல்ரிக்கைத் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1944இல் ஸ்கை தீவுக்குப் பக்கத்தில் சோய் என்ற தீவையே வாங்கினார். உலகின் இரண்டாவது பெரிய மீனான பாஸ்கிங் சுறாவை அதன் ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கும் தொழில் தொடங்கினார். 1948க்குள் அது மூழ்கிவிட்டது. பிறகு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் சாண்டெய்க் என்ற இடத்தில் மின்சாரமோ சாலையோ இல்லாத ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தார், அதுவும் அடுத்தவர் நிலத்தில். 1956இல் இராக்கின் சதுப்பு நிலத்திலிருந்து மிஜ்பில் என்ற நீர்நாயைக் கொண்டு வந்தார். அது அதுவரை பதிவாகாத துணையினம் என்று தெரிந்து அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். (உங்கள் மாவட்டத்து மாயாற்றில் திரியும் நீர்நாயும் அதே இனம்தான், துணையினம்தான் வேறு. கிளாஸ்கோ போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.) நீர்நாய்களைப் பற்றி 1960இல் அவர் எழுதிய புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பணம் தங்கவில்லை. எல்ரிக் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது, கடன் இருந்தது, சாண்டெய்க் வாழ்க்கை கலைந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் உட்கார்ந்து எழுதும் எவருக்கும் பால்யம் சொர்க்கமாகத்தான் தெரியும். 1968 ஜனவரியில் சாண்டெய்க் வீடு எரிந்தது. அடுத்த ஆண்டு புற்றுநோயில் இறந்தார். வயது 55.

விசித்திரக் குடும்பம் என்றாலே இப்படித்தான் முடியும் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெர்த்ஷைரில் க்ளோன் என்ற எஸ்டேட் வைத்திருந்த ஹால்டேன் குடும்பம் இன்னும் பெரிய கிறுக்கு. சித்தப்பா மகன் பெரியப்பா மகன் என்று யாரைத் தொட்டாலும் ஒரு கதை இருக்கும். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சு பற்றி ஆராய்ந்தவர்; விஷவாயுவைத் தானே சுவாசித்துக் குறிப்பெழுதியவர். பின்னாளில் மரபியல் அறிஞரான மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனைச் சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் மார்க் ஆண்டனி உரையைச் சொல்லச் சொன்னார். பாதியில் பையன் மூச்சு முட்டிக் கீழே விழுந்தான். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும், தரைப்பக்கம் மூச்சுவிடலாம் என்று அவனுக்கு அப்படித்தான் புரிந்தது. 1906இல், பதின்மூன்று வயதில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் அப்பா நடத்திய முக்குளிப்புச் சோதனையில் அளவு பொருந்தாத உடையோடு அவனையும் இறக்கினார்கள். உடைக்குள் தண்ணீர் ஏறியது. இன்று எந்தப் பள்ளியாவது இதைக் கேள்விப்பட்டால் போலீஸ் வரும்.

இரண்டு வீட்டிலும் நிலம் இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், பிள்ளைகளைப் பெரியவர்களாக நடத்தும் பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஹால்டேன் வீட்டுக் கிறுக்கு சுரங்கத் தொழிலாளியையும் முக்குளிப்பவனையும் தேடிப் போனது. எல்ரிக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்த ஜே.பி.எஸ். தான் 1957இல் கல்கத்தா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அவருடைய தங்கை, எழுத்தாளர் நவோமி மிட்சிசன், ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்தில் தானே ஒரு எஸ்டேட் வாங்கி, அங்கிருந்த மீனவர்களோடும் விவசாயிகளோடும் கலந்து வாழ்ந்து 101 வயதில் போய்ச் சேர்ந்தார்.

சரி, பயணத்துக்கு வருவோம். எல்ரிக் வீடு இருக்கிறது, தனியார் வீடு. உள்ளே போக முடியாது. ஆனால் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்தில் யார் நிலமானாலும் பொறுப்போடு நடந்துபோக எல்லாருக்கும் உரிமை உண்டு. வீட்டையொட்டிய தோட்டம் மாதிரி சில இடங்கள்தான் விலக்கு. அதனால் அந்த மேட்டில் நீங்கள் தாராளமாக நடக்கலாம். பக்கத்தில் மான்ரீத் கடற்கரை மேட்டில் மேக்ஸ்வெல் நினைவாக வெண்கல நீர்நாய்ச் சிலை ஒன்று இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 100 மைல். அந்த ஊர்களுக்கு ரயில் கிடையாது, மகளிடம் கார் இருந்தால் நல்லது. வழியில் விக்டவுனில் அரை நாள் ஒதுக்குங்கள். 1998இலிருந்து அது ஸ்காட்லாந்தின் தேசியப் புத்தக நகரம், தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். மேக்ஸ்வெல் தாத்தாவும் பேரனும் எழுதிய பழைய பதிப்புகளை அங்கே கேட்டுப் பாருங்கள்.