வெளிப்படுத்தின விசேஷத்தைப் பயமில்லாமல் வாசிக்க: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இந்தப் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: முதல் அதிகாரத்தில். பலர் நேரே 13ஆம் அதிகாரத்து மிருகத்திடம் போய்விடுகிறார்கள். பயம் பிடிப்பது அங்கேதான். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான இது, ஆசியாவின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ரோம மாகாணம்) ஏழு சபைகளுக்கு யோவான் எழுதிய நிருபம். பத்மு தீவில் தரிசனம் கண்டு செத்தவனைப்போல விழுந்த யோவான்மேல் வலதுகரம் வைத்து ஆண்டவர் சொன்னது, “பயப்படாதே” (1:17). 22 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் தடவை விளக்கவுரை வேண்டாம்.

கேள்வி: முத்திரை உடைய உடைய அழிவுதானே வருகிறது? நம்பிக்கை எங்கே இருக்கிறது?

பதில்: ஏழு முத்திரை போட்ட புத்தகச்சுருளை ஆட்டுக்குட்டியானவர் ஒவ்வொன்றாய் உடைக்கிறார். ஆறாம் முத்திரை ஒரு கேள்வியோடு முடிகிறது: “யார் நிலைநிற்கக்கூடும்?” (6:17). அங்கே புத்தகத்தை மூடினால் பயம் மட்டும்தான் மிஞ்சும். ஏழாம் முத்திரை உடைவது 8:1இல். இடையில் ஒரு முழு அதிகாரம் அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கிறது. 7:9இல், எண்ணமுடியாத திரளான கூட்டம் சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கிறது! அடுத்து ஏழு தூதர்கள் ஊதும் எக்காளங்களிலும் இப்படித்தான்: ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே 10ஆம் அதிகாரமும் 11இன் பெரும்பகுதியும் வருகின்றன.

இன்னொன்று. யோவான் காதால் கேட்பதற்கு ஒரு நிறத்திலும், கண்ணால் காண்பதற்கு வேறு நிறத்திலும் கோடிடுங்கள். அவர் கேட்டது யூதா கோத்திரத்துச் சிங்கம் (5:5); பார்த்தது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி (5:6). இரண்டும் இயேசுவையே குறிக்கின்றன. ஜெயித்தவர் யார், எப்படி ஜெயித்தார் என்பது இந்த இரண்டு வசனங்களில் அடங்கிவிடுகிறது. புத்தகத்தின் சாவி இதுதான் என்பேன்.

கேள்வி: என் கைப்பேசி எண்ணில் 666 வருகிறது. மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். 666 என்பது மிருகத்தின் எண் (13:18). எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ‘நேரோன் கேசர்’ என்று எபிரெயத்தில் எழுதிக் கூட்டினால் 666. பெயரின் கடைசி ‘ன்’ எழுத்துக்கு 50. அதை விட்டால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. சபையைத் துன்புறுத்திய ரோம இராயன் நீரோவை (நேரோன்) அது சுட்டுகிறது என்பது பல அறிஞர்களின் கருத்து. 13:18க்கு அடுத்த வசனத்தையும் (14:1) தவறாமல் வாசியுங்கள்: ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் இருக்கிறது.

கேள்வி: இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதியைச் சிலர் கணக்குப் போட்டுச் சொல்கிறார்களே?

பதில்: மாற்கு 13:32 போதும்: அந்த நாளைப் பிதா தவிர ஒருவரும் அறியார். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கைப் பின்பற்றி, வருகை 1844 அக்டோபர் 22 என்று நம்பிக் காத்திருந்து மனம் உடைந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: விசுவாசிகளுக்குப் பாடே வராது என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். சிமிர்னா சபைக்குப் பாடு வரும் என்றே சொல்லப்பட்டது. ஆனால் பத்து நாள் (2:10). மிருகத்துக்கும் 42 மாதம்தான் (13:5). துன்பத்துக்குக் கெடு வைத்தவர் உண்டு என்பதைச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளானால் 21:1–4இல் தொடங்கி, 4, 5, 7 அதிகாரங்களை வாசித்துக்காட்டுங்கள். மிருகங்கள் பிறகு வரட்டும்.