வெடிப்புக்கு முன்பே அதிரும் எஃகுத் தூண்

வெடிப்பு அழுத்தம் வந்து சேருமுன்பே உங்கள் எல்எஸ்-டைனா (வெடிப்பு, மோதல் போன்றவற்றைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்) மாடலில் தூண் அதிர்கிறதென்றால், மேல்தளச் சுமையை 0 விநாடியிலேயே முழுதாக ஏற்றியிருப்பீர்கள். திடீரென ஏற்றிய சுமை, அதே சுமையை மெதுவாக ஏற்றுவதைவிட 2 மடங்கு வரை விசையை எழுப்பும்.

வெடிப்பை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தூணின் அடிப்பகுதி எதிர்விசை 0-க்கும் ஏற்றிய சுமையின் 2 மடங்குக்கும் இடையே ஊசலாடினால் சந்தேகமே வேண்டாம். தூணின் அச்சுத்திசை அலைவு நேரத்தைப்போல (நீளவாக்கில் ஒருமுறை அதிர எடுக்கும் நேரம்) பல மடங்கு நேரம் எடுத்துச் சுமையை ஏற்றி, ஆட்டம் அடங்கிய பிறகு வெடிப்பைக் கொடுங்கள்.

கையோடு மெட்டீரியல் கார்டையும், அதாவது எஃகின் பண்புகளைக் கொடுக்கும் உள்ளீட்டுப் பகுதியையும் பாருங்கள். வேகமாக உருமாறும்போது எஃகின் வலிமை எவ்வளவு கூடும் என்பதைச் சொல்பவை கூப்பர்-சைமண்ட்ஸ் எண்கள்; மென்னெஃகுக்கு வழக்கமாக 40.4, 5. முதலாவதன் அலகு 1/விநாடி, மாடலை மில்லிவிநாடியில் ஓட்டினால் 0.0404. பலர் வழுக்கி விழும் இடம் இது!

உயர்வலிமை எஃகென்றால் இந்த எண்களைப் போடாதீர்கள், தூண் இருப்பதைவிட வலுவாகத் தெரியும்.