உத்திரம் இருக்கிறவன் யாரையும் கண்டிக்கவே கூடாதா?

வாலிபர் கூட்டத்தில் ஒருவரைத் திருத்தப் போனதாகவும், "முதல்ல உங்க கண்ணுல இருக்கிற உத்திரத்தைப் பாருங்க" என்று அவர் உங்கள் வாயை அடைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கிறிஸ்தவன் யாரையுமே கண்டிக்கக் கூடாதா என்பது உங்கள் கேள்வி.

கண்டிக்கலாம். உன் கண்ணில் உத்திரம், அதாவது கூரையைத் தாங்கும் பெரிய மரக்கட்டை இருக்க, சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்ப்பதென்ன என்கிறது பைபிளில் மத்தேயு 7:3. பலரும் அந்த மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாம் வசனத்தில், உத்திரத்தை எடுத்த பின்பு சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார் இயேசு. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை.

சிக்கல் என்னவென்றால், நம் உத்திரம், அதாவது நம் பெரிய குற்றம், நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2 சாமுவேல் 12-ல் தாவீது ராஜாவைப் பாருங்கள். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பிடித்துச் சமைத்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னதும் ராஜாவுக்குக் கோபம் மூண்டுவிடுகிறது. திருடிக் கொன்ற ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும், இதுதான் நியாயப்பிரமாணம் (யாத்திராகமம் 22:1). தாவீதோ நாலத்தனையும் கேட்டு, அவன் சாகவும் வேண்டும் என்கிறார். ஓர் ஆட்டுக்கு மரண தண்டனை! அவரோ தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு, அவன் மனைவி பத்சேபாளைத் தன் மனைவியாக்கி, பிள்ளையும் பிறந்தாகிவிட்டது. இத்தனை மாதமும் தன்மேல் வராத கோபம், முகம் தெரியாத ஒருவன்மேல் பொங்குகிறது. யார் மேலாவது அளவுக்கு மீறி ஆத்திரம் வந்தால், அதே விஷயத்தில் முதலில் என்னைத் தேடிப் பார்ப்பதுதான் நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்புறம், எங்கே வைத்துச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது மத்தேயு 18:15. நம் சபைகளிலோ அது ஜெபக்குறிப்பாகிவிடுகிறது. "பேர் வேண்டாம், அந்த அண்ணனுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றால் போதும், ஆமென் சொல்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டிய நேரத்தில், அதைப் பெற யார் எழுந்து போகவில்லை என்று கணக்கெடுக்கிறவர்களும் உண்டு.

சரி, உங்கள் விஷயம். அவர் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். எந்த உத்திரம் என்று அவரிடமே கேளுங்கள். சொல்லுவார், கேட்க நன்றாக இருக்காது. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஜெபித்துப் பாருங்கள், சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு நாள் தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு, நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்.